அன்வர் மன்னித்த கடன்

சிங்கப்பூர்ப் பள்ளிவாசல் ஒன்றின் மேல்தளத்தில், பெண்கள் பகுதியின் தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் மண்டியிட்டு, ஹஸீனா தன் கைப்பேசியைக் கைப்பையின் மேல் சாய்த்து வைத்தாள். அது சரிந்து விழுந்தது. மறுபடியும் வைத்தாள். திரையில் கீழ்த்தளம் தெரிந்தது: வரிசை வரிசையாக ஆண்களின் முதுகுகள், அவற்றுக்கு முன்னால் பச்சைத் துணி போர்த்திய ஒரு நீளம். அந்த நீளம்தான் வாப்பா.

கைப்பேசியின் மறுமுனையில் தமிழ்நாட்டில் இருக்கும் ஊர். கமலத்தின் வீட்டுக் கூடத்தில் முப்பது பெண்களாவது நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"தெரியுதா கமலக்கா?"

"ஆடாம இருந்தா தெரியும் பாப்பா. ஹாஜியாரு எங்க?"

"முன்னாடி. பச்சைத் துணி."

"ஐயோ," என்றாள் கமலம்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்திருந்தது. ஜனாஸா தொழுகைக்கு முன்னால் இமாம் ஒலிவாங்கியை ஹஸீனாவின் அண்ணன் அன்வரிடம் நீட்டினார். இறந்தவரின் மகன் இரண்டு வார்த்தை சொல்வது வழக்கம். என் தந்தை யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு என்பான். அவ்வளவுதான். எத்தனையோ ஜனாஸாக்களில் ஹஸீனா இதைக் கேட்டிருக்கிறாள்.

அன்வர் அதைச் சொன்னான். குரல் உடைந்தது. இமாம் ஒலிவாங்கியை வாங்கக் கை நீட்டினார். அன்வர் கொடுக்கவில்லை.

"இன்னொன்னு," என்றான். "எங்க வாப்பா ஊர்ல ஏழைப் பொம்பளைங்களுக்குக் கடன் கொடுத்துட்டு இருந்தாங்க. எட்டு வருஷமா. அவங்க இப்ப இதைப் பார்த்துட்டு இருப்பாங்க. அவங்களுக்குச் சொல்றேன். எங்க வாப்பாகிட்ட நீங்க வாங்கின கடன் எல்லாத்தையும் நாங்க மன்னிச்சுட்டோம். ஒரு காசு கூட யாரும் திருப்பித் தர வேணாம். வாப்பாவுக்காக துஆ செய்ங்க, அது போதும்."

கீழே ஆண்களிடமிருந்து "மாஷா அல்லாஹ்" என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஹஸீனாவின் கைப்பேசியிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. முப்பது பெண்கள் ஒரே சமயத்தில் மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு அழுகை. யாரோ ஒருத்தி, "எங்க ஹாஜியாருக்கு சொர்க்கம்தான்" என்று கத்தினாள்.

ஹஸீனா மண்டியிட்டபடியே இருந்தாள். எழுந்து மாடிப்படியில் ஓடி, ஆண்கள் வரிசைகளைத் தாண்டி, அந்த ஒலிவாங்கியைப் பிடுங்க வேண்டும் என்று உடம்பு சொன்னது. "மாமி, தக்பீர் கட்டப் போறாங்க, எழுந்திருங்க லா," என்று அன்வரின் மகள் யும்னா அவள் தோளைத் தொட்டாள்.

எழுந்து நின்றாள். முதல் தக்பீர். இரண்டாவது. மூன்றாவதற்குப் பிறகு இறந்தவருக்காகப் பிரார்த்திக்க வேண்டும். சிறு வயதில் வாப்பாவே சொல்லிக்கொடுத்த துஆ. அது வரவில்லை. அந்த இடத்தில் இருந்தது ஒரே ஒரு பெயர்தான். ஃபஸீலா. இன்றைக்கு வியாழக்கிழமை. இன்றைக்குக் கடன் வாங்குவது ஃபஸீலாவின் முறை.

நான்காவது தக்பீர். ஸலாம். முடிந்துவிட்டது.

காலை ஆறே முக்காலுக்கு, புக்கிட் பாத்தோக் ஈரச்சந்தையில், மீன் வாங்கக் குனிந்த வாப்பா அப்படியே விழுந்திருந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டிருந்த ஹஸீனாவுக்கு அழைத்தது மீன்கடைச் சீனர்தான். வாப்பாவின் கைப்பேசியிலிருந்து பேசினார். "அங்கிள் ஃபால் டவுன்," என்றார். மருத்துவமனைக்கு அவள் போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. பழைய இதய நோயாளி என்பதால் இறப்புச் சான்றிதழ் உடனே கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாக வேலைகள் வந்தன: கபன் துணி, வேன், இடுகாட்டுப் பதிவு. அழுவதற்கு ஒரு இடைவெளி வரும், அப்போது அழலாம் என்று நினைத்திருந்தாள். ஜனாஸா தொழுகைதான் அந்த இடைவெளி என்று நினைத்திருந்தாள்.

உம்மா சம்சுன்னிசா அவள் கையைப் பிடித்தாள். உம்மாவுக்கு எழுபது வயது. காலையிலிருந்து ஹஸீனாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது முகத்தில் ஏதோ ஒளி இருந்தது.

"கேட்டியா புள்ள? வாப்பா பேரைக் காப்பாத்திட்டான் என் மவன்."

"கேட்டேன் உம்மா."

"நான்தான் சொன்னேன். வேன்ல வர்றப்ப. ஊர்ல கடன் கொடுத்திருக்காங்கள்ல, அதை நம்ம வாங்கக் கூடாதுடான்னு. மவுத்தானவங்க காசை ஏழைங்ககிட்ட வசூல் பண்ணித் திங்கிறதா?"

ஹஸீனா உம்மாவின் கையை விடவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

கைப்பேசி அதிர்ந்தது. காலணி வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்று எடுத்தாள்.

"என்ன பாப்பா இது?" கமலத்தின் குரல் தாழ்ந்திருந்தது, கொல்லைப்பக்கம் வந்து பேசுகிறாள் போல. "உங்க நானா இப்புடிச் சொல்லிட்டாரே. உங்களுக்குத் தெரியாமலா?"

"தெரியாது அக்கா."

"இங்க ஒரே கொண்டாட்டமும் ஒப்பாரியுமா கெடக்கு. சேருபானு உள்ள ஓடிப்போயி அவ கடன் அட்டையக் கிழிச்சுப் போட்டுட்டா. கட்ட வேண்டியது இன்னும் முக்காவாசி இருக்கு அவளுக்கு. நான் என்ன சொல்லட்டும்? ஹாஜியாரு சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நான் வாயத் தொறக்கல."

"ஃபஸீலா?"

கமலம் கைப்பேசியை யாரிடமோ கொடுத்தாள். கோழிகளின் சத்தம் கேட்டது. பிறகு வேறொரு குரல்.

"லாத்தா. இன்னா லில்லாஹி... வாப்பாவோட கபரை அல்லாஹ் விசாலமாக்கணும்." ஃபஸீலா ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தினாள். "லாத்தா, இந்த நேரத்துல கேக்கறேன்னு நெனைக்காதீங்க. எல்லாருக்கும் மன்னிச்சாச்சுன்னாங்க. நான் இன்னும் வாங்கவே இல்லையே. எனக்கு மன்னிக்க ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ரெண்டு மணிக்கு என் முறை. யாரும் கட்டலேன்னா..."

"நான் கூப்பிடுறேன் ஃபஸீலா."

"பைனான்ஸ் குழுவுல எனக்குக் கையெழுத்துப் போட்ட நாலு பேரும் நேத்து ராத்திரி வரைக்கும் என் வீட்டு வாசல்லயே உக்காந்திருந்தாங்க லாத்தா. எல்லாம் சொந்தக்காரங்க. நான் கட்டாட்டி அவங்க கட்டணும். நாளைக்குப் பாத்துக்கலாம், வியாழக்கெழம என் முறைன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

"நான் கூப்பிடுறேன்," என்று மறுபடியும் சொல்லிவிட்டு ஹஸீனா வைத்தாள்.

அலமாரியில் சிறியதும் பெரியதுமாகச் செருப்புகள். வாப்பாவின் செருப்பு எங்கே என்று ஒரு கணம் தேடினாள். அது சந்தையிலேயே கிடக்கும்.

எட்டு வருடங்களுக்கு முன்னால், சிராங்கூன் சாலையில் இருந்த துணிக்கடையை மூடியபோது, கையில் நின்ற பணத்தில் ஒரு பகுதியை வாப்பா ஊருக்குக் கொண்டுபோனார். தர்மம் கேட்டு வந்த உறவினர்களுக்குக் கொடுக்கவில்லை. மீன் விற்கிற, முறுக்கு சுடுகிற, வலை பின்னுகிற பெண்களில் மூன்று பேருக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார். வாராவாரம் வியாழக்கிழமை, கணக்கு எழுதும் கமலத்தின் வீட்டில் கட்ட வேண்டும். அவர்கள் கட்டியது நான்காவது பெண்ணுக்குப் போனது, பிறகு ஐந்தாவது பெண்ணுக்கு. கூடவே ஒரு நிபந்தனை: கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒவ்வொருத்தியும் வாரம் கொஞ்சமாவது தன் பெயரில் சேமிக்க வேண்டும். அந்தச் சேமிப்பெல்லாம் சிங்கப்பூரில் ஹாஜியாரிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள்.

அது சிங்கப்பூருக்கு வந்ததே இல்லை. அதுவும் சேர்ந்துதான் ஊரில் சுற்றியது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், கணக்கைச் சரிபார்த்த வாப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹஸீனாவிடம் சொன்னார். "நான் போட்டதை எடுத்துட்டேன் புள்ள. இப்ப சுத்துறது முழுக்க அவங்க காசு."

"அவங்ககிட்ட சொல்லிடலாமே வாப்பா. சந்தோஷப்படுவாங்க."

"சொன்னா மறுநாளே புருஷன்காரன் கேப்பான். மச்சான் கேப்பான். சொந்தக் காசுதானே, ரெண்டு வாரம் கட்டாட்டி என்னன்னு அவங்களுக்கே தோணும். சிங்கப்பூர் ஹாஜியார் காசுன்னா யாரும் கை வைக்க மாட்டாங்க. நான் இருக்கிறவரைக்கும் என் காசாவே இருந்துட்டுப் போவட்டும்."

இருக்கிறவரைக்கும். அதற்குப் பிறகு என்ன என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது வெகுதூரத்தில் இருந்தது.

எட்டு வருடத்தில் அந்த ஊரில் யாரும் பணக்காரராகிவிடவில்லை. ஹஸீனா ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அதைக் கமலத்திடம் கேட்டே விட்டாள்: இதனால் என்ன மாறியது? கமலம் யோசித்தாள். "வறுமை எங்கயும் போவல பாப்பா. அது பாட்டுக்கு இருக்கு. ஆனா முன்னெல்லாம் ஒருத்தி வாசல்ல இன்னொருத்தி போய் உக்காந்து மானத்த வாங்குவா. இப்ப எங்க முப்பது பேருக்குள்ள அது இல்ல."

சுவா சூ காங் இடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது மணி நான்கு. வாப்பாவின் வீடு இருந்த புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அன்வரின் கால்சட்டை முழங்கால்வரை சிவப்பு மண். கபருக்குள் இறங்கியிருக்கிறான். அவனைச் சுற்றி வாப்பாவின் நண்பர்கள். ஒவ்வொருவரும் அவன் கையைப் பிடித்து அந்த அறிவிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர், "மகன்னா இப்படி இருக்கணும்" என்றார். அன்வர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அழுது வீங்கிய முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. வருடத்துக்கு நான்கைந்து முறை மட்டும் வாப்பாவைப் பார்க்க வந்த மகனுக்குக் கடைசியில் ஒரு காரியம் செய்யக் கிடைத்த நிம்மதி. ஹஸீனாவுக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

"நானா, கொஞ்சம் வாங்க."

லிஃப்டுக்குப் பின்னால், தபால் பெட்டிகளுக்கு அருகில் நின்றார்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை. பிறகு சுவரில் சாய்ந்தான்.

"வெய்ட். அது வாப்பா காசு இல்லையா?"

"ரெண்டு வருஷமா இல்ல."

"அப்ப நான் மன்னிச்சது..."

"அவங்க சேமிப்பை. ஒருத்தி காசை இன்னொருத்திக்கு நீங்க மன்னிச்சுட்டீங்க நானா."

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?" சத்தம் உயர்ந்தது, நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தணித்துக்கொண்டான். "காலையிலேர்ந்து என்கூடத்தானே இருந்தே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாப்பா யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க."

"நான் யாரோவா?"

இரண்டு வருடங்களுக்கு முன், அவன் வேலை போய் நான்கு மாதம் வீட்டில் இருந்தபோது, வாப்பா மாதாமாதம் அவன் கணக்கில் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்டதில்லை. தான் ஊரில் போட்டதை வாப்பா ஏன் அந்த வருடம் எடுத்தார் என்று அவளும் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். அது அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அன்வரின் நகக்கண்களில் மண் இருந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"சரி. எவ்வளவு? அந்த ஃபஸீலாவுக்கு நான் அனுப்புறேன். இப்பவே டிரான்ஸ்ஃபர் பண்றேன்." கைப்பேசியை எடுத்துவிட்டான்.

"அடுத்த வியாழக்கிழமை?"

"அதுக்கும் அனுப்புறேன்."

"அதுக்கு அடுத்தது? அவங்க முப்பது பேரும் கையேந்திட்டு உக்காந்திருப்பாங்க நானா. நீங்க ஒரு மாசம் மறந்தா, மறுபடி பைனான்ஸ்காரன்கிட்டதான் போவாங்க. வாப்பா எட்டு வருஷத்துல ஒருத்திக்குக் கூட சும்மா கொடுக்கல. ஏன்னு நினைக்கிறீங்க?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"சொன்னதைத் திருப்பி வாங்கணும்."

"மய்யித்தை முன்னாடி வெச்சுக்கிட்டு சொன்ன சொல்லையா?"

கேட்டது அன்வர் இல்லை. தபால் பெட்டிகளின் ஓரத்தில் உம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. யும்னா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"உம்மா, அது வாப்பா காசு இல்ல," என்றான் அன்வர்.

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்." பள்ளிவாசலில் பார்த்த அந்த ஒளி முகத்திலிருந்து இறங்கிப் போவதை ஹஸீனா பார்த்தாள். ஒரு விளக்கைத் தன் கையால் அணைத்த மாதிரி இருந்தது. "நாப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு அந்த மனுஷன்." அதில் கோபம் இருந்ததா என்று பிரிக்க முடியவில்லை. "அடுத்தவங்க நம்பிக் கொடுத்த அமானிதத்தை எடுத்துத் தானம் பண்றதுக்கு நம்ம யாரு? சொல்லிடு அன்வர். கபர் மண்ணு காயறதுக்குள்ள சொல்லிடு. அந்த பாரத்தோட அவங்க அங்க படுத்திருக்கக் கூடாது."

"நாளைக்குச் சொல்றேன் உம்மா. இன்னைக்கு வேணாம். இன்னைக்கு என்னால..."

"இன்னைக்கு ஊர் நேரம் ரெண்டு மணிக்குத்தான் அவங்க கூடுவாங்க," என்றாள் ஹஸீனா. "நமக்கு இங்க நாலரை. இன்னும் பத்து நிமிஷம்."

பத்து நிமிடமும் அன்வர் தபால் பெட்டிகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். உதடுகள் அசைந்தன. எதையோ சொல்லிப் பார்த்து, மாற்றி, மறுபடியும் சொல்லிப் பார்த்தான். சின்ன வயதில் தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் அவன் இப்படித்தான் நடப்பான். வாப்பா பின்னாலேயே நடந்து திருத்துவார். இப்போது அழ வேண்டாம் என்று ஹஸீனா தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஹஸீனாவின் வீடியோ அழைப்பைக் கமலம் முதல் மணியிலேயே எடுத்தாள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. எல்லோரும் இருந்தார்கள். கட்டுவதற்காக வந்தவர்களாகத் தெரியவில்லை. யார் கையிலும் பையோ பணமோ இல்லை. அன்வரின் முகத்தைப் பார்த்ததும் பலர் முக்காட்டைச் சரிசெய்து கையேந்தினார்கள். "நல்லாயிருக்கணும் தம்பி," "உங்க புள்ளகுட்டி நல்லாயிருக்கணும்" என்று குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

"ஒரு நிமிஷம்," என்றான் அன்வர். அவர்கள் நிறுத்தவில்லை. "ஒரு நிமிஷம்மா, ப்ளீஸ். நான் தப்பு பண்ணிட்டேன்."

நிறுத்தினார்கள்.

"தொழுகைக்கு முன்னாடி நான் மன்னிச்சேன்னு சொன்னேன். எனக்கு அதுக்கு உரிமை இல்ல. அது எங்க வாப்பா காசு இல்ல. வாப்பா போட்டதை ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்துட்டாங்க. நீங்க வாரா வாரம் சேமிச்சீங்கள்ல, அது இங்க வரல. அதுதான் உங்களுக்குக் கடனா வந்துச்சு. அது உங்க காசு." நடந்துகொண்டே பழகிப் பார்த்ததில் இதற்குமேல் எதுவும் அவனிடம் மிச்சமில்லை. "மன்னிச்சுக்குங்க."

அங்கே ஒருவரும் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று ஹஸீனா நினைத்தாள். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க காசா?" என்றாள் ஒருத்தி. அட்டையைக் கிழித்துப்போட்ட சேருபானு. "ஹாஜியாரு காசுன்னு சொல்லித்தானே கமலம் எங்கள வாங்கு வாங்குன்னு வாங்கினே? ஏமாத்தினீங்களா எல்லாரும் சேந்து?"

"ஆமாண்டி," என்றாள் கமலம். "ஏமாத்தினோம்."

"அப்ப எங்க சேமிப்பு போச்சா?"

"நீங்க எல்லாரும் கட்டினா இருக்கு. கட்டாட்டி போச்சு."

வெளியே எங்கோ ஒரு மீன்காரனின் சைக்கிள் ஹார்ன் ஒலித்துவிட்டுப் போனது. யாராவது ஒருத்தி எழுந்து போனால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று ஹஸீனாவுக்குத் தோன்றியது. கூடத்தின் கோடியில், கதவோரமாக, ஃபஸீலா மட்டும் உட்காராமல் நின்றிருந்தாள்.

நடுவில் இருந்த வயதான பெண்ணொருத்தி, மெதுவாக, தனக்குள்ளே கேட்பதுபோல் கேட்டாள். "போன வருசம் என் மருமவ பிரசவத்துக்கு வாங்கினேனே. அது யாரு காசு கமலம்?"

கமலம் நோட்டைப் புரட்டவில்லை. "உனக்குப் பக்கத்துல உக்காந்திருக்காளே சேருபானு. அவளும் இந்தப் பக்கம் இருக்கிற ராணியும் கட்டினது."

கிழவி திரும்பி சேருபானுவைப் பார்த்தாள். சேருபானு வேறெங்கோ பார்த்தாள். பிறகு அவளும் கேட்டாள், முறைத்துக்கொண்டே: "என் தையல் மிஷினு?"

"அதுவா. அது..."

கமலம் சொல்லத் தொடங்குவதற்குள் வேறு யாரோ சொன்னார்கள். இன்னொருத்தி மறுத்தாள். அது பங்குனியில், இல்லை, அதற்கு முந்தைய வருடம் என்றாள். பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்தார்கள். குரல்கள் உயர்ந்தன, சண்டையா பேச்சா என்று தெரியவில்லை. கைப்பேசியை யாரும் பார்க்கவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன.

"கட் பண்ணவா?" என்று அன்வர் மெல்லக் கேட்டான்.

ஹஸீனா தலையசைத்து மறுத்தாள். உம்மா பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கதவோரமாக யாரோ பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். ஃபஸீலா அதைப் பார்த்தாள். ஒரு கால் எடுத்து வைத்தாள். அதற்குள் யாருடைய தலைத்துணியோ குறுக்கே வந்து திரை முழுவதும் நீலமாகிவிட்டது.